ஜும்மா முடிவதற்குள் ஒரு பம்பு

...எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்ளப்போவது தான்தான், கூத்தையாவுக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது, பழைய தினத்தாளை விரித்து இரண்டு பம்பையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுச் சதக் பாய் ஜும்மாத் தொழுகைக்குக் கிளம்பிப் பத்து நிமிடம் இருக்கும், நான் வாரதுக்குள்ள எதுன்னு முடிவு பண்ணி வைங்க கூத்தையா, வெளிய நிண்டா வெயிலு மண்டையப் பொளந்துரும், உள்ளயே இருங்க என்று சொல்லிக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகி வெளியே பூட்டும் போட்டுவிட்டார், வெள்ளிக்கிழமை மதியமானால் மோட்டார் சாமான் கடையை அவர் சாத்துவது ராமநாதபுரம் கடைத்தெருவுக்கே தெரிந்த வழக்கம், உள்ளே ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பலகை இடுக்கில் வரும் வெளிச்சத்தில்தான் பம்புகளைப் பார்க்க வேண்டியிருந்தது, கிரீஸ் வாடையும் புழுக்கமும் மூச்சை முட்டின, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இடது பக்கம் இருந்தது புதுசு, காரில் இருந்த பழைய பம்பின் ஜாதிதான், இன்ஜின் மேலேயே உட்கார்ந்து அது ஓட ஓட இடிபட்டு டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுக்கும், பழையதைவிட ஒரு சுற்றுப் பெரிசு, அவ்வளவுதான். வலது பக்கம் கரண்டு பம்பு, யுத்தகாலத்துப் பட்டாள லாரியிலிருந்து கழற்றியது, பாட்டரியில் ஓடும், பின்னால் டாங்கிக்குப் பக்கத்திலேயே பூட்டிவிடலாம், இன்ஜின் சூடு கிட்டேயே வராது, நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு படி பெட்ரோலைத் தள்ளும்... ஒரு படி! சின்ன முதலாளி முத்துராமலிங்கத்தின் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காருக்கு வேண்டியது அதுதான், சோழவரம் ரேஸுக்காக மதராஸில் இரட்டைக் கார்ப்பரேட்டர் வைத்துக்கொண்டு வந்தாரே, பெட்ரோல் குடிக்கிற வாய் இரண்டாச்சு, ஊட்டுகிற கை பழைய கைதானே, மண்டபம் ரோட்டில் எழுபது மைலைத் தொட்டதும் கார் விக்கியது, இருமியது, படுத்துக்கொண்டது. ஏலே கூத்தையா, என்னலே இது, மாட்டு வண்டிகூட முந்திக்கிட்டுப் போகும்போலருக்கு என்று அவர் ஸ்டியரிங்கில் குத்தியது இன்னும் காதில் கேட்கிறது. அவர் கோபத்தில் தப்பில்லை, கோபப்படுகிற உரிமையோடு பிறந்தவர், இவன் அய்யா அவர் வீட்டு நிலத்தில்தான் உழுதார், உழுதுகொண்டிருந்தபோதே செத்தும் போனார்.

சரி, கரண்டு பம்பு என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கார் பறக்கும், சோழவரத்தில் ஜெயிக்கும், ஜெயித்தால் சின்ன முதலாளி இவனை விடுவாரா, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கார் செட்டிலேயே வைத்துப் பூட்டிவிடுவார். இடது பக்கத்துப் பம்பைச் சொன்னால்? அதுவும் ஓடும், ஊருக்குள் நன்றாகவே ஓடும், நாளைக்கே மண்டபம் ரோட்டில் விரட்டிப் பார்க்கும்போது சூடேறி விக்கும், உனக்கு வேலையே தெரியலலே, போய்த் தொலை என்பார், அந்த ஒரு வார்த்தை போதுமே... காரைக்குடி பஸ் கம்பெனிக் கடுதாசி சட்டைப்பையில் நாலாக மடித்துக் கிடக்கிறது, திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் வேறு ஆள். சம்பளம், சீருடை, இரண்டு அறை வீடு, அதில் பெண்டாட்டி பூமயில். ஆறு மாதமாக அவள் நயினார்கோவிலில் பிறந்த வீட்டில் இருக்கிறாள், கார் செட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் குடியிருந்ததால் முதலாளியின் அரண்மனை மாதிரி வீட்டின் பத்துப் பாத்திரம், மாட்டுச் சாணம் எல்லாம் கேட்காமலே அவள் தலையில் விழுந்தன, வீட்டோட இருக்கவ சும்மா இருக்கக்கூடாது பாரு என்றாள் அந்த வீட்டுப் பெரியம்மா. ஒங்களுக்குத்தான இங்கன வேலை, எனக்கு என்ன எழுதியா வச்சிருக்கு, காரைக்குடிக்குப் போனா ஆள் அனுப்புங்க வாரேன், இனி இந்தக் கொட்டகைக்கு மட்டும் என் காலு வராது என்று சொல்லிவிட்டுப் பூமயில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான், கையில் ஸ்பானர் இருந்தது, வெட்கக்கேடு, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

பழைய பம்பு ஏன் செத்தது என்று சின்ன முதலாளி இதுவரை கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வது... சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், அதன்மேல் ஈரத்துணி சுற்றினால் அடங்கும், எல்லா டிரைவருக்கும் தெரிந்த வைத்தியம். மண்டபம் ரோட்டில் முதல் நாள் கார் நின்றபோது டப்பாவை எடுத்துக்கொண்டு ஊற்றுக் குழிக்குப் போனான், ஆள் உயரப் பள்ளத்துக்குள் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிச் சுரண்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள், மேலே ஏழெட்டுக் குடம் வரிசையில். அவள் அண்ணாந்து, தண்ணி யாருக்குண்ணே, பிள்ளைக்கா என்றாள். இல்லத்தா, காருக்கு என்றான். அவள் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை, குடத்தைத் தூக்கி நீட்டினாள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை, வேணாத்தா என்று திரும்பி நடந்து கடலில் முக்கினான் துணியை. அன்றிலிருந்து இருபது நாள், தினமும் கடல் தண்ணீர்தான், உப்புப் பூத்துப் பூத்து அலுமினியத்தை அரித்து, உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகி, கடைசியில் பொத்துக்கொண்டது. உப்பு தின்னும் என்று உனக்குத் தெரியாதா கூத்தையா? தெரியும், தெரிந்துதான் செய்தான், வேறு என்ன செய்திருக்க முடியும்... ஆக, கெடுத்தவன் இவன், கெடுத்தவனே மட்டமானதை வாங்கி மாட்டிவிட்டு ஓடுவதா? ஏன் ஓடக்கூடாது, அய்யா உழுத உழவுக்கு யார் என்ன திருப்பிக் கொடுத்தார்கள்? இடது பக்கம்தான். முடிவு. கடுதாசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பூட்டு திறந்தது, பலகை விலகி வெயில் முகத்தில் அடித்தது, தொப்பியைக் கழற்றிக்கொண்டே சதக் பாய் உள்ளே வந்து, என்ன கூத்தையா, எது என்றார். "பாய், இதுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவுல அழுத்தத்தக் குறைக்க ஒரு வால்வு வேணுமே, இருக்கா? இல்லாட்டி பெட்ரோல் பொங்கித் தீப்பிடிச்சிரும். செம்புக் குழாய் பன்னெண்டடி. ஒரு சுவிச்சு, டிரைவர் கைக்கு எட்டுற இடத்துல வைக்கணும், கவுந்து கிவுந்து போனா ஒடனே அமத்தணும்ல." கரண்டு பம்பு அவன் கையில் இருந்தது, எப்போது எடுத்தான்? விரல் அதன் மூடியைத் தடவிக்கொண்டிருந்தது, குரலில் ஓர் உற்சாகம், அது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

பாய் அலமாரியில் வால்வைத் தேடிக்கொண்டே, காரைக்குடிக்குப் போறேன்னு சொன்னீகளே, இத யாரு பூட்டுவா என்றார். நாந்தேன் பாய், பூட்டி ஓட்டிப் பாக்க நாலு நாள் ஆகும் என்றான், சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தான், சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்... சின்ன முதலாளி என்றைக்காவது போகாதே என்று சொல்லியிருக்கிறாரா? போன வருஷம் கிளம்பினபோது கியர் பெட்டி, அதற்கு முன்னால் கல்யாணக் கார், ரெண்டு தடவையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போலே என்றுதானே சொன்னார்? முடித்துக் கொடுத்த மறுநாள் காலையில் மறுபடி பானெட்டைத் திறந்தது யார்... பூமயிலிடம் முதலாளி விடவில்லை என்று சொல்லி அனுப்பலாம், போன தடவையும் அதைத்தான் சொன்னான், அப்போது அதை அவனும் நம்பினான்...