ஐந்தருவிக்குத் தனி வட்டம் இல்லை

காலையிலிருந்து போனை எடுக்கும்போதெல்லாம் அனுசியா ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "குளிக்கத் தடைதான் சார். போர்டுல போட்டிருக்கிறதுதான்." சொல்லிச் சொல்லி வாய் கசந்துவிட்டது. மெயின் அருவியில் வெள்ளம், போலீஸ் கயிறு கட்டிவிட்டது, அது உண்மை. ஆனால் ஐந்தருவியில் தண்ணீர் பாந்தமாக விழுகிறது. அங்கே நிற்கிற போலீஸ்காரர் வரிசையில் ஆளை அனுப்பக் காத்திருக்கிறார். அனுப்பத்தான் ஆள் இல்லை.

குற்றாலத்தில் ஒரு கம்பெனி ஒப்பந்தம் எடுத்து நடத்துகிற தகவல் கவுண்டரில் அவளுக்கு வேலை. போர்டில் இருப்பதைத் தவிர வேறெதையும் சொல்லக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. மேசையில் இருக்கிற திரை அதிகாரிகளுக்கானது. அதில் ஒவ்வோர் அருவிக்கும் தனிக் கட்டம் உண்டு, தண்ணீர் வரத்துக்குக் கோடு உண்டு. மேலகரத்து ரோட்டோரம் நிற்கிற பெரிய போர்டிலும் ஜனங்களின் போனிலும் தெரிவது எல்லா அருவிக்கும் சேர்த்து ஒற்றை வட்டம் மட்டும். ஏதோ ஓர் அருவியில் தடை என்றாலும் அது முழுக்கச் சிவந்துவிடும். பார்க்கிறவர்கள் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

ஐந்தருவிப் பக்கம் பஜ்ஜிக்கடை வைத்திருக்கிற அவள் புருஷன் பால்வண்ணநாதன் போன் போட்டான்.

"ஏட்டி, எண்ணெய் சும்மா காயுது. நீ அங்கன ஏசில உக்காந்து செவப்பு லைட்டு போடுதியாக்கும்."

"நான் போடலங்க. அதுவா போடுது."

"அதுவா போடும்னா நீ எதுக்கு அங்கன இருக்கே?"

போன வருஷம் சாரலே ஏமாற்றிவிட்டது. இந்த சீசனும் போனால் கடையை விட்டுவிட்டுப் புளியறை தாண்டிக் கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவதாக அவன் சொல்லியிருக்கிறான். வெறும் பேச்சில்லை, அங்கே ஆளும் பார்த்து வைத்திருக்கிறான். வானம் கொடுத்ததை ஒரு வட்டம் வந்து பிடுங்குகிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனியின் சென்னை ஆபீசில் இந்தப் போர்டைக் கவனிக்கிற ஷாரோன் சாரைக் கூப்பிட்டாள். இந்த வாரத்திலேயே எத்தனையாவது தடவையோ.

"அஞ்சு வட்டம் போட்டா என்ன சார் கொறஞ்சு போவுது?"

"பப்ளிக்குக்கு சிம்பிளா இருக்கணும் மேடம். நிறைய காட்டினா குழம்பிடுவாங்க."

குளிக்க வருகிறவனுக்கு எந்த அருவி என்று தெரிந்தால் குழம்பிவிடுவானாம்! போனை வைத்த வேகத்தில் மேசைத் திரையை இரண்டு கையாலும் பிடித்து, கவுண்டர் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பினாள். வயர் விறைத்து நின்றது. வேலை போனால் போகட்டும்.

அந்நேரம் சாத்தூர்க் குடும்பம் ஒன்று வேனிலிருந்து இறங்கி வந்தது. தோளில் துண்டு, தலையில் எண்ணெய், எல்லாம் தயார்.

"இங்கன பாருங்க. ஐந்தருவில அனுமதின்னு போட்டிருக்கா? தாராளமாப் போய்க் குளிங்க," என்றாள்.

அந்த அம்மாள் எழுத்தைப் பார்க்கவில்லை. அதன் கீழே மேலேறிப் போகிற சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். "அது ஏன் ஏறிக்கிட்டே போகுது?"

"தண்ணி நல்லா வருதுன்னு அர்த்தம்."

"அப்ப ஏன் சிவப்பு?"

தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டிய அதிகாரிகளுக்காகப் போட்ட கோடு அது. தண்ணீரைத் தேடி வந்தவர்களிடம் அதை எப்படி விளக்குவது? போலீஸ் இருக்கிறது, தண்ணீர் அளவோடுதான் விழுகிறது என்று அனுசியா பேசிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் அதற்குள் கண்ணாடி வழியாக ஒரு போட்டோ எடுத்துவிட்டு, பிள்ளைகளை வேனில் ஏறச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி பால்வண்ணநாதன் கூப்பிட்டான். இந்தத் தடவை சத்தம் போடவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஏட்டி, வாட்ஸ்அப் குரூப்ல ஒரு படம் சுத்துது. கம்ப்யூட்டர்லயே வந்துட்டாம், ஐந்தருவிலயும் வெள்ளமாம். நான் அருவிக்கு நேராத்தான் நிக்கேன்."

திரையின் முதுகு அவளைப் பார்த்து இருந்தது, தூசியும் வயருமாக. போனில் அவன் குரல் நின்ற பிறகும் அருவியின் இரைச்சல் கேட்டது. ஒரு மனுஷச் சத்தம்கூடக் கலக்காமல் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.