பெருமதிப்பிற்குரிய பற்றறி

உலக வரலாற்றாசிரியர்கள் பேனைகளைத் திறந்து வைத்துக்கொள்க. 2001ஆம் ஆண்டு ஆவணி மாதம், துணுக்காயில் ஒரு விவசாயச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் பரமலிங்கம் மீண்டும் வரவேற்புரை ஆற்ற எழுந்தார்.

நான்கு வருடங்களாகப் பார்க்கின்சன் நடுக்கம் அவரை மேடையேற விடவில்லை. கையிலிருக்கும் தாள் சரசரக்கிற சத்தத்தில் பேச்சு கேட்காது. தாளில் ஒன்றும் எழுதியிருக்காது, அது அழகுக்கு. பிரான்சிலிருந்த மகன் அவரைக் கூப்பிட்டு, மூளைக்குள் இரண்டு கம்பி விட்டு, அதற்கு மின்சாரம் கொடுக்க நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு பற்றறியும் வைப்பித்து அனுப்பினான். யுத்தத்தால் ரோச் லைற் பற்றறிக்கே அரசாங்கத் தடையிருந்த வன்னிக்குள் ஒரு பற்றறி நடந்தே வந்து சேர்ந்தது. ஊர் துள்ளிக் குதித்தது.

“மாஸ்ரர், எங்கட றேடியோவையும் ஒருக்காக் கொழுவிப் பாப்பமே? செய்தி மட்டும்தான்” என்றாள் பக்கத்து வீட்டு வடிவம்மா.

மனைவி சிவனேஸ்வரிக்கு வேறு கவலை. “கை நல்லா வரும், சொல்லுத்தான் பிந்தி வரும் எண்டெல்லே டொக்டர் சொன்னவர். சின்னனாப் பேசுங்கோவன்.”

“எனக்கோ சொல்லுப் பஞ்சம்? இண்டைக்கு விட்டால் பிறகு ஒருத்தரும் என்னைக் கூப்பிடமாட்டினம். மூண்டு மணித்தியாலம் பேசுறன்!”

மேடையில் தாளை உயர்த்தினார். ஆடவில்லை. விசில் பறந்தது.

“பெருமதிப்பிற்குரிய...”

சங்கத் தலைவர் எதிரிலேயே இருந்தார். அவரைக் குறிக்கும் சொல்லைத்தான் காணவில்லை.

“பெருமதிப்பிற்குரிய... இந்த... கதிரை...”

தலைவர் தன் கதிரையைக் குனிந்து பார்த்தார்.

முன்வரிசையில் இருந்த விவசாயி மாயாண்டி பாய்ந்து எழுந்தார். “ஐயாவுக்குப் பற்றறி எறங்கிப் போச்சு! சைக்கிளைக் கொண்டாங்க!”

சைக்கிள் மிதித்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கிற ஊருக்கு இது கைவந்த வேலை. கண்மூடித் திறப்பதற்குள் சைக்கிள் மேடையேறியது. மாயாண்டி மிதித்தார். “இன்னும் மிதி!” என்று சபை கத்தியது. ஒருவர் வயரோடு அதிபரின் சேட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

“கையை எடுங்கோ!” சிவனேஸ்வரி குறுக்கே விழுந்தார். “பற்றறி நிறைய இருக்கு! கை நடுங்கேல்லைத்தானே, பாருங்கோ! சொல்லுத்தான் வருகுதில்லை!”

மாயாண்டி மிதிப்பதை நிறுத்தினார். பரமலிங்கம் நெற்றியைச் சுருக்கித் தேடினார். கடைசியில் இரண்டு சொற்கள் அகப்பட்டன.

“வாங்கோ. இருங்கோ.”

தாளை மடித்துக்கொண்டு இறங்கினார். சபை எழுந்து நின்று கைதட்டியது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து முழுதாக விளங்கிய வரவேற்புரை இதுதான் என்று தலைவர் கண்கலங்கினார்.

நடுங்காத கையென்று அடுத்த கூட்டத்தில் அவரைத் தேத்தண்ணி ஊற்ற விட்டார்கள்.