அமாவாசைக்கு நிறுத்த வேண்டிய வேலை

அக்கா அந்த வரியை மறந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் நான் சேர்த்தேன்.

ஜெயமாலா அக்கா ஒன்பது வருடமாக டேட்டாபேஸ் பார்க்கும் வேலையில் இருந்தாள். தனியார் பஸ், வேன்களுக்குப் போனிலேயே சீட்டு எடுக்க வைக்கும் ஒரு சென்னைக் கம்பெனி. யாருக்கு எந்த வண்டியில் எந்த சீட்டு என்ற விவரமெல்லாம் இருக்கும் இடம்தான் டேட்டாபேஸ். அது நின்றுவிட்டால் யாருக்கும் சீட்டு கிடைக்காது. நிற்காமல் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. கொரோனா சமயத்தில் செஞ்சிக்கு வந்தவள், பிறகு மாடி அறையிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள். நானும் பகலெல்லாம் அவள் பக்கத்தில்தான் இருப்பேன்.

அவள் வேலையில் முதலில் ஆறு பேர் இருந்தார்கள். எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றியபின், காப்பி எடுப்பது, இடம் போதாவிட்டால் கூட்டுவது, எங்கே மெதுவாகிறது என்று கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் அதுவே செய்துகொண்டது. ஒவ்வொருவராக அனுப்பினார்கள். கடைசியில் அக்கா மட்டும் மிஞ்சினாள். அவளை மிஞ்ச வைத்தது அமாவாசை.

அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு எல்லா ஊரிலிருந்தும் ஸ்பெஷல் வண்டி விடுவார்கள். அன்று மாலை ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் சீட்டு எடுப்பார்கள். கம்பெனியின் தினசரி ரிப்போர்ட்டும் மாலை ஐந்து மணிக்குத்தான் ஓடும். இரண்டும் சேர்ந்தால் டேட்டாபேஸ் தாங்காது. அக்கா அன்றைக்கு மட்டும் ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து, ஏழு மணிவரை திரையைவிட்டு எழுந்திருக்காமல் இருப்பாள். அமாவாசை இரண்டு நாளில் விழும் மாதத்தில் கோயிலில் ஊஞ்சல் உற்சவம் எந்த நாள் என்று தெரிய வேண்டும். அதற்காகக் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கும் கமலாம்பாள் அம்மாவுக்கு மாதாமாதம் போன் செய்வாள். இது சென்னையில் யாருக்கும் தெரியாது. அக்கா பார்த்துக்கொண்டால் நிற்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

நாங்கள் ஜெயினர். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. அதனால் அமாவாசைதோறும் அக்கா பட்டினியாகப் படுப்பாள். அம்மா புலம்புவாள். நைனா மட்டும் கிண்டல் செய்வார். "ஊரே அங்காளம்மனுக்கு விரதம் இருக்குது. இவ கம்ப்யூட்டருக்கு இருக்கறா."

இந்த வருடம் மேனேஜர் பார்த்திபன், அக்காவுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். புதிதாக வாங்கியிருக்கும் ஏஐ அதைப் படித்துவிட்டுத் தானே பார்த்துக்கொள்ளுமாம், அக்கா நிம்மதியாக இருக்கலாமாம். அக்கா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். இருபது பக்கம் வந்தது. கடைசி நாள் அக்கா ஒரு கல்யாணத்துக்காக சிங்கவரம் கிளம்பினாள். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படித்தேன். பதினேழாம் பக்கத்தில், ரிப்போர்ட் தினமும் ஐந்து மணிக்கு ஓடும் என்று மட்டும் இருந்தது. அமாவாசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் நோட்டில் இருந்தது. மூன்று வருடமாக அக்கா ரிப்போர்ட்டை எத்தனை மணிக்கு நிறுத்தினாள், எத்தனை மணிக்கு ஓடவிட்டாள், கமலாம்பாள் அம்மா எந்த நாளைச் சொன்னார், எல்லாம் எழுதி வைத்திருந்தேன். பின்னால் ஏதாவது ஆகி, சொல்லவில்லையே என்று அக்காவை யாரும் கேட்டுவிடக் கூடாது. கமலாம்பாள் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். அவர் பூசாரியைக் கேட்டு, வருடம் முழுவதற்குமான தேதிகளைச் சொன்னார். அதை ஓர் அட்டவணையாகப் போட்டு, பதினேழாம் பக்கத்தில் சேர்த்து அனுப்பினேன். அக்கா பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பார்த்திபன் பேசினார். பதினேழாம் பக்கம்தான் தங்கம் என்றார். இப்படி ஒன்று இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்றார். அக்கா மைக்கை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இன்னா எழுதுன?"

சொன்னேன். "நீ மறந்துட்டன்னு நெனச்சேங்கா."

"நான் மறக்கல, சுபா."

மறுபடி மைக்கைப் போட்டு, பார்த்திபனுக்கு நன்றி சொன்னாள்.

அடுத்த அமாவாசைக்கு அக்கா மேல்மலையனூருக்குப் போன் செய்யவில்லை. நான்கு மணிக்கே வந்து உட்கார்ந்தாள். ஐந்துக்கு ஓட வேண்டிய ரிப்போர்ட் தானாக நின்றுகொண்டது. திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே போனது. டேட்டாபேஸ் நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது சீட்டு கிடைக்காமல் ரோட்டில் நின்றாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். கோடு கொஞ்ச நேரம் உயரத்திலேயே இருந்தது. டேட்டாபேஸ் நிற்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மெயில் வந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பதால், இந்த மாதக் கடைசியோடு அக்காவின் வேலை முடிகிறது என்று இருந்தது. அக்கா அதை இரண்டு முறை படித்தாள். கீழேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அக்கா எழுந்து போனாள்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அமாவாசையன்று பெண் சாப்பிட வந்துவிட்டாளே என்று நெய்யை அள்ளி ஊற்றினாள். பாதிச் சாப்பாட்டில் போன் அடித்தது. அக்கா இடது கையால் பாய்ந்து எடுத்தாள்.

கமலாம்பாள் அம்மா. பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"இன்னா கண்ணு, இந்த மாசம் நீ பேசவே இல்ல? ஒடம்பு கிடம்பு சரியில்லியான்னு பாத்தேன். தங்கச்சி தேதிய மொத்தமா கேட்டுக்கினா, அதுக்காவ நீ பேசக் கூடாதா?"

"பேசறேம்மா," என்றாள் அக்கா. "இனிமே எனக்கு நேரம் இருக்கும்."

போனை வைத்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். மாடிக்குப் போகாமல் பின்கட்டுப் பக்கம் போனாள்.

பிசைந்த சோற்றின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போகிறது, சாப்பிடு என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். பொழுது சாய்ந்தது. அதற்குமேல் சாப்பிடக் கூடாது.