கத்துற மிஷினா குடு

1

இந்தக் கதை ஒரு கிலோ கலவா மீனோடு எனக்குச் சும்மா கிடைத்தது. இந்த இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், திருவொற்றியூர் மார்க்கெட்டில், மீன் விற்கும் குணசுந்தரி செதில் உரித்துக்கொண்டே சொன்னது. நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அரிவாள்மனையை விட்டுக் கையை எடுத்தாள்.

“எய்துறதுன்னா எய்திக்க சார். எடத்த மட்டும் எய்திடாத. அப்பால ஊர்ல கீற அத்தினி போட்டும் அங்க வந்து நிக்கும். என் வூட்ல ஒல வெக்கிறதுக்கு நீ வருவியா?”

இடம் என்றது ஒரு கடலடிப் பாறையை. கலவா மாதிரி மீன்கள் அதன் பொந்துகளில் நிரந்தரமாகக் குடியிருக்கும். கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்தித்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். எண்ணூரில் மூன்றாவது புகைபோக்கியையும் அதற்குத் தெற்கே இருக்கிற

(மன்னிக்கவும். கை தானாகப் போய்விட்டது.)

வாக்குக் கொடுத்தவன் நான். ஆகவே இனி இதில் வரும் அடையாளங்கள் எல்லாம் பொய். கடலிலிருந்து பார்த்தால் மீஞ்சூர் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை தெரியும் என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். தெரியவே தெரியாது. அதனால்தான் எழுதினேன்.

2

முதல் வரிக்கு ரொம்பப் பாடுபட்டேன்.

“கடல் அமைதியாக இருந்தது.” என்றைக்கு இருந்தது? அடித்துவிட்டேன்.

“லோகநாதன் பொல்லாதவன்.” லோகநாதன் குணசுந்தரியின் அண்ணன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று அவரைப் பிடித்துப் போட்டேன். படித்துக் காட்டியபோது அவள் முறைத்த முறைப்பில் அதையும் அடித்துவிட்டேன்.

“இரண்டு ஆண்கள் ஒரே படகில் உட்கார்ந்து ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.” இதற்கு அவள் சிரித்தாள். ஆகவே இது இருக்கட்டும்.

ஒருவர் லோகநாதன். இன்னொருவர் அவள் புருஷன் திருமலை. வலை சிக்கிக்கொண்ட ஒரு தகராறில் இருவருக்கும் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. தனித்தனிக் கட்டுமரம், தனித்தனிக் கூடை. ஆனால் இரண்டு கூடையும் வந்து இறங்குவது குணசுந்தரியிடம்தான்.

ஒருநாள் அண்ணன் கொண்டுவந்த கலவாவின் தாடையில் பழைய தூண்டில் முள் ஒன்று குத்திக்கொண்டிருந்தது. நீல நைலான் நூலை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிய முள். குப்பத்திலேயே அப்படிக் கட்டுகிறவர் திருமலை ஒருவர்தான். அவரிடமிருந்து அறுத்துக்கொண்டு போன மீன் மச்சானிடம் மாட்டியிருக்கிறது. கலவா ஊர்சுற்றுகிற மீன் அல்ல. அப்படியானால் இருவரும் போவது ஒரே பாறைக்கு. இருவருமே தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

யாரும் யாரிடமும் திருடவில்லை. ஆனால் தெரிந்தால் முதலில் வாயில் வருகிற சொல் அதுவாகத்தான் இருக்கும். குணசுந்தரி முள்ளைப் பிடுங்கி எடைக்கல் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.*

* அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சேர்த்திருந்தேன். “நல்லாத்தான் தூங்கினேன், நீயே பார்த்தியா?” என்றாள். நீக்கிவிட்டேன்.

3

என்றாவது பாறைமேல் நேருக்கு நேர் மோதிக்கொள்வார்களே என்று அவள்தான் அழுது, அதட்டி, இருவரையும் ஒரே பைபர் போட்டில் ஏற்றினாள். பேச்சுவார்த்தை வந்தது. மீன் போய்விட்டது.

காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். மச்சானுக்குக் காட்டிவிடக்கூடாதே என்று திருமலை அந்தப் பக்கம் போவதில்லை. மாப்பிள்ளைக்குக் காட்டிவிடக்கூடாதே என்று லோகநாதனும் போவதில்லை. கீழே கலவா கொழுத்துக் கிடக்க, மேலே இருவரும் விலைபோகாத காரப்பொடி மீன் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இப்படியே போனால் ஆடி முடிவதற்குள் போட்டை விற்க வேண்டும். போட்டு போனால் அண்ணனும் புருஷனும் மறுபடி ஆளுக்கொரு திசை. அந்தப் பயம் அவளை அரித்தது.

அப்போது எண்ணூர் முகத்துவாரத்து மணல்திட்டில் ஏறி, போட்டைத் தள்ளுகிற இன்ஜின் விசிறி உடைந்தது. ஆழம் காட்டுகிற எக்கோ மிஷின் ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும் என்று பேச்சு வந்தது. குணசுந்தரி பிடித்துக்கொண்டாள். பாறையை மிஷின் கண்டுபிடித்தால் யார்மேல் யார் பழி போடமுடியும்?

4

ராயபுரத்தில் செல்வநாதன் கடையில் இரண்டு மிஷின் இருந்தன. ஒன்று ஆழத்தை எண்ணாக மட்டும் காட்டும். இன்னொன்று கடலடியைக் கோடாக வரைந்து காட்டி, ஆழம் சட்டென்று குறைந்தால் கீ கீ என்று கத்தும்.

“யோசிச்சிச் சொல்றோம்” என்று மூவரும் வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திருமலை மட்டும் பீடி வாங்குகிற சாக்கில் திரும்பிப் போய், “அண்ணாத்தே, நெம்பர் காட்றதே போதும்னு நீயே சொல்லிடு” என்றார். அவர் போனதும் லோகநாதன் வந்து, “அந்தக் கோடெல்லாம் வாணாம், பேஜாரு. நெம்பரே போதும்னு மாப்ளகிட்ட சொல்லு” என்றார்.

கடைசியாக குணசுந்தரி வந்தாள். செல்வநாதன் தலையைச் சொறிந்துகொண்டு, “உனுக்கும் நெம்பர்தானாம்மா?” என்றார்.

“கத்துற மிஷினா குடு நைனா. அவங்க ரெண்டு பேர் காதுலயும் ஒண்ணா வுழணும்.”

5

இனி வருவதை நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. இருவரும் தனித்தனியாக வந்து அவளிடம் புலம்பியதை வைத்து ஒட்டுப்போட்டது.

முதல் நாள் மிஷினை மாட்டிக்கொண்டு போனார்கள். திருமலை சுக்கானை வலப்பக்கம் திருப்பினார். “இன்னும் வலது” என்றார் லோகநாதன். போட்டு ஒரு பெரிய வட்டம் அடித்துப் பாறையைத் தொடாமல் வந்து சேர்ந்தது. மிஷினில் கோடு பாய் விரித்த மாதிரி தட்டையாக இருந்தது.

“உங்கண்ணன் சுத்திகினே போறான்” என்று ஒருவர். “உன் வூட்டுக்காரு நேரா ஓட்டவே மாட்றாரு” என்று இன்னொருவர்.

அடுத்த நாள் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூண்டில் போட்டு உட்கார்ந்தார்கள். நீரோட்டம் போட்டை இழுத்துக்கொண்டு போனது. கரையில் அந்த இரண்டு அடையாளங்களும் ஒன்றை ஒன்று நெருங்குவதை இருவருமே பார்த்தார்கள். திருமலை துண்டை எடுத்து, “வெயில் பட்டா கெட்டுப்பூடும்” என்று மிஷின்மேல் போட்டார். “ஆமா மாப்ள” என்று லோகநாதன் துண்டின் மறுநுனியைச் செருகினார்.

துண்டுக்குள்ளிருந்து மிஷின் கத்தியது.

(எத்தனை பாகம், அதாவது எத்தனை கைவிரிப்பு ஆழத்தில் என்று சொல்லமாட்டேன். அதுவும் துப்புதான்.)

6

முடிவு ஒன்று: கைகலப்பு. கதைக்கு நல்லது. குணசுந்தரிக்கு நல்லதல்ல.

முடிவு இரண்டு: கட்டிப்பிடித்து அழுகிறார்கள். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு மூன்று, அவள் சொன்னது: இருவரும் ஒரே மூச்சில், “அட, இங்க பாறை கீதா!” என்றார்களாம்.

அன்றிலிருந்து கலவா வருகிறது. நான் வாங்கியதும் அதில் ஒன்று. மச்சான் நடிக்கிறார் என்று மாப்பிள்ளைக்குத் தெரியுமா? மாப்பிள்ளை நடிக்கிறார் என்று மச்சானுக்குத் தெரியுமா? “தெரில சார். கேக்கவும் பயமா கீது.”

இதுவரை எழுதியதை இன்று படித்துக் காட்டிவிட்டு, கதை முடிந்துவிட்டது என்று பையை எடுத்தேன். அவள் எடைக்கல் டப்பாவைத் திறந்து, நீல நூல் கட்டிய முள்ளை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“இத இன்னா பண்றது? ரெண்டு பேர் முன்னால வெச்சி, எனக்கு எப்பவோ தெரியும்டான்னு சிரிச்சிடவா? இல்ல கடல்ல வீசிடவா? கத எய்துறவன்தானே, சொல்லு.”

சிரித்தால் மூவரும் சேர்ந்து சிரிக்கலாம். போட்டு இரண்டாகவும் போகலாம். வீசினால், தெரிந்ததைத் தெரியாத மாதிரி அவள் காலம் முழுக்க மீன் விற்கவேண்டும். முள்ளைத் தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். படிக்கிறவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

முள் என் மேஜைமேல்தான் இருக்கிறது. நாளைக் காலை மீன் வாங்கப் போகவேண்டும், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.