ஏரிக்கரையின் இடது ஓரம்

ஜெயக்குமார் கொளவாய் ஏரிக்கரை நடைபாதையின் நடுவில்தான் நடப்பார். மனைவி வரலட்சுமிக்கு சைக்கிள் என்றால் பயம். அதனால் அவளை ஏரிப்பக்கம் இடது ஓரமாக விட்டு, தான் வலப்புறம் வருவார். தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகும் அவருக்கு ஓரத்தில் கால் போகவில்லை. பின்னால் வருகிறவர்கள் மணியடிப்பார்கள், ஓரமாகப் போகச் சொல்வார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறல் விட்டிருந்தது. பின்னால் மணிச் சத்தம் கேட்டதும் அவர் சட்டென்று வலப்பக்கம் நகர்ந்தார். சைக்கிளும் அதே பக்கம் வந்தது. ஓட்டி வந்த பெண் பிரேக் அடித்தாள். ஈரச் சரளையில் சக்கரம் வழுக்கிச் சைக்கிளோடு விழுந்தாள்.

அவர் பதறிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினார். முழங்கால் தோல் உரிந்திருந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கழுவினார். அவள் பெயர் சஹானா. சிறுசேரியில் வேலை, சிங்கப்பெருமாள் கோயிலில் தனி அறை. வலி கொஞ்சம் அடங்கியதும் கோபம் வந்தது.

"லெஃப்ட்ல அவ்ளோ எடம் காலியா கீது. ஏன் அங்கிள் ரைட்ல வந்தீங்க?"

அவர் வெற்று ஓரத்தைப் பார்த்தார்.

"அங்க என் சம்சாரம் நடந்துகினு வரும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இப்போது அவள் இல்லை என்பதையும் மெல்லச் சொன்னார்.

சஹானா காதிலிருந்த இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"நானும் வேகமா வந்துட்டேன். நீங்க திரும்பிப் பாக்குற வரைக்கும் ஸ்லோ பண்ணியிருக்கணும்."

வீட்டில் யாருக்காவது போன் போடட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், அம்மா ஊரில் இருக்கிறாள், வீணாகப் பயப்படுவாள், இங்கே சொல்வதற்கு யாருமில்லை என்றாள்.

விழுந்ததில் கழன்ற செயினை இருவரும் மாட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைவரை சேர்ந்து நடந்தார்கள். பின்னால் யாரோ வழிவிடச் சொன்னபோது, "லெஃப்ட்ல வாங்க அங்கிள்" என்று அவள் சைக்கிளை ஓரம் கட்டினாள். அவரும் ஒதுங்கினார். அந்த ஓரத்தில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஆட்டோவில் சைக்கிளை ஏற்றிவிட்டு, அவள் தலையசைத்துப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் இடது ஓரமாகவே நடந்தார். புல் ஈரம் வேட்டி நுனியை நனைத்தது. சைக்கிள்கள் மணியடித்துத் தாராளமாகக் கடந்து போயின. அவரைத் திட்ட யாருக்கும் காரணமில்லை. கரையின் கடைசிவரை நடந்து திரும்பும் மட்டும் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.