போயிட்டு வந்த பஞ்சுத்தூசி

வெள்ளகோவில் கதிர்வேல் மில்லின் பஞ்சுத்தூசி போன ஆடி மாதத்திலிருந்து தினமும் காலையில் லாரியேறிப் போய், பொழுது சாய்வதற்குள் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வரும்போது பக்கத்து மில்களின் தூசியையும் கூட்டிவந்தது. அந்தச் சமயம் தேங்காய் விலை ஏறியிருந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

கதிர்வேலுக்குத்தான் வயிறு எரிந்தது. மில்லை ஒட்டியே வீடு. மனைவி லோகப்பிரியா வீசிங் தாங்காமல் துடியலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தூசி நின்றால்தான் வருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவளுக்காகவே கோயமுத்தூரிலிருந்து ஷாநவாஸை வரவழைத்தான். ஷாநவாஸ் மில்களுக்குத் தூசி வடிகட்டும் துணிப்பை தைப்பவர், வேலையில் கெட்டி. பைகளோடு மெல்லிய எஃகுக் கம்பிகளை வைத்து உயர் அழுத்த மின்சாரம் கொடுத்தார். அதுவரை துணியின் கண்களில் புகுந்து அடைத்துக்கொண்ட தூசி, மின்புலத்துக்குக் கட்டுப்பட்டு மேலாகப் பொசுபொசுவென்று ஒட்டியது. லேசாக உதறினாலே தொட்டியில் கொட்டியது. மின்சாரம் பட்ட தூசிக்குக் காதும் கேட்க ஆரம்பித்தது. அங்கேதான் வினை. மூட்டைகளை லாரியில் ஏற்றும்போது கதிர்வேல் வாய்ப்பழக்கத்தில், "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டான். தூசி சொன்னபடி போய்விட்டு வந்தது. வந்து, ஜன்னல் வழியாகப் புகுந்து கட்டில் வரைக்கும் படிந்தது.

"'போங்க'ன்னு மட்டும் சொல்லிப்போடுங்களேன்" என்றார் ஷாநவாஸ்.

"எப்படீங்க பாய்? கெளம்பறவங்கள மொட்டையாப் போங்கன்னு சொல்ல வாய் வருமுங்களா?"

முயன்றும் பார்த்தான், நாக்கு புரளவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு லோகப்பிரியாவுக்குப் போன் போட்டு, அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் இருமிக்கொண்டே சிரித்தாள்.

"வந்தவங்கள நிக்க வெச்சே அனுப்புனா திரும்பத்தானுங்க வருவாங்க. உக்காரச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அன்று மாலை தூசி திரும்பியதும் தொட்டியின் மூடியைத் திறந்து, "உக்காருங்க" என்றான். உட்கார்ந்தது. அதன்பிறகு காளான் படுக்கைக்குப் பஞ்சுத்தூசி வாங்கும் காளான் வளர்ப்பவர்கள் வந்து மரியாதையாக அழைத்தால்தான் எழுந்து போனது. போன இடத்திலேயே தங்கியும் விட்டது.

ஐப்பசியில் லோகப்பிரியா பெட்டியோடு வந்தாள். வாசலில் நின்று பயந்து பயந்து மூச்சை இழுத்தாள். நெஞ்சு இரைக்கவில்லை. இன்னொருமுறை நன்றாக இழுத்தாள். கதிர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான். கையோடு மில்லையும் பார்த்துவிடலாம் என்று அவள் உள்ளே நுழைந்ததும், தொட்டியிலிருந்த தூசி மொத்தமும் எழுந்து நின்றது.

"இருக்கட்டுமுங்க, நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, லோகப்பிரியா தன் துணிகளை அலமாரியில் அடுக்கப் போனாள்.