இரண்டாவது ஊசி

விஷாலிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் முகம் பார்த்து நின்று பதில் சொல்வான். அதுதான் அவன் காலை வாரிவிட்டது.

காஞ்சிபுரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில், செல்களைப் பார்த்து நோய் சொல்லும் படிப்பில் அவன் முதலாமாண்டு. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் பெரியநாயகியின் கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த துளியை ஸ்லைடில் தேய்த்தான். தேய்த்த கையோடு அதை ஆல்கஹாலில் போட்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, “கேன்சரா சார்?” என்று அவள் கேட்டாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்ற, ஸ்லைடைப் பிடித்தபடியே ஆறுதல் சொன்னான்.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தான். செல்களெல்லாம் பெருத்துக் கிடந்தன. ‘புற்றுநோய் சந்தேகம்’ என்று எழுதி உதவிப் பேராசிரியர் எஸ்தரிடம் நீட்டினான்.

அவர் அரை நிமிஷம் பார்த்தார். “ஸ்லைடு காஞ்சு போயிருக்குதுபா. காஞ்சா செல்லு உப்பிக்கினு கேன்சர் மாதிரியே தெரியும். இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. அவங்கள திரும்ப வரச் சொல்லு. ஏன்னும் நீயே சொல்லு.”

விஷாலுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இன்னொரு ஊசிக்கு அவள் சம்மதிக்காமல் போய்விட்டால்? கட்டி என்னவென்றே தெரியாமல் போய்விடுமே!

பெரியநாயகி வந்தாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். “என் தப்புமா. உங்களாண்ட பேசிக்கினே ஸ்லைடைக் காயவிட்டுட்டேன்.”

“ரெண்டு நாளா எனக்கு சோறு எறங்கல. உங்க தப்புக்கு என் கழுத்தா சார் கெடைச்சுது?”

நியாயமான கேள்வி. அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எஸ்தர் மேடத்தையே போடச் சொல்றேன்மா.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “வேணாம். நீங்களே போடுங்க. ஒரு தடவ பட்டவரு நீங்க, மறக்க மாட்டீங்க.”

முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினான். ஊசியை எடுத்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்லைடு ஆல்கஹாலில் மூழ்கிய பிறகுதான் கையை எடுத்தாள்.

“இப்ப கேக்கலாமா?”

“நாளைக்குச் சொல்றேன்மா.” இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் எஸ்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் ஓடிப்போய் போன் செய்தான். “கேன்சர் இல்லமா. சாதாரண தைராய்டு கட்டிதான்.”

போனில் தறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. “ஏ, தறிய நிறுத்துங்க!” என்று யாரையோ அதட்டினாள். சத்தம் நின்றது. “இன்னொரு தரம் சொல்லுங்க தம்பி.”

அன்று அவன் கையில் ஸ்லைடு எதுவும் இல்லை. நிதானமாக, மூன்று தடவை சொன்னான்.